ஒரு ஸ்டேஷன் தள்ளிப் பிறந்த நைனா

1

"உங்க நைனா அந்தாண்ட பொறந்தாரு, நீ இந்தாண்ட பொறந்த. எந்தப் பக்கம்னே தெரியாத பொண்ணு எங்கமா நர்ஸாவப் போற? தண்டவாளத்து மேலயா?"

சொன்னவர் தாலுகா அலுவலக வாசலில் மனு எழுதிக் கொடுப்பவர். ஜெராக்ஸ் எடுக்க நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். நைனாவும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். எல்லையோரத்து வீடுகளில் அப்படித்தான். மனு எழுதுபவர் சொன்னதை எப்போதோ மறந்திருப்பேன். நைனா சிரித்ததுதான் இன்னும் ஆறவில்லை.

எங்கள் ஊர் ஆரம்பாக்கம். வடக்கே ஆந்திராவுக்குப் போகும் ரயில் பாதையில் தமிழ்நாட்டின் கடைசி ஸ்டேஷன். அடுத்தது தடா, அது ஆந்திரா. நைனா பிறந்தது தடாவுக்கு அப்பால் ஒரு கிராமத்தில். மீசை முளைக்கிற வயதில் பண்ணை வேலையை விட்டு இந்தப் பக்கம் வந்து, கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி தயாரிக்கும் ஆலை ஒன்றில் சேர்ந்தார். நான் பிறந்ததும், ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படித்ததும் இந்தப் பக்கம்தான். எங்கள் குடும்பத்தில் வருகைப் பதிவேட்டில் பெயர் ஏறிய முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமே கிடையாது. கேட்காதவர்களிடமும் சொல்வேன்.

இப்போது ஜெர்மனியின் தெற்கில் இருக்கிறேன். புலம்பெயர்ந்த வாழ்க்கையைப் பற்றி ஊருக்கு எழுது என்று தோழிகள் கேட்டபோது சிரிப்பு வந்தது. விமானத்தைப் பக்கத்தில் நின்று பார்ப்பதற்குப் பல வருடங்கள் முன்பே, பிறந்த ஊரிலேயே வைத்து, அரசாங்கம் என்னைக் குடிபெயர்ந்தவள் என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்திருந்தது.

2

இங்கே நான் இருக்கும் ஊரின் நடுவே ஓர் ஆறு ஓடுகிறது. இக்கரை ஒரு மாநிலம், அக்கரை இன்னொரு மாநிலம். பாலத்தின் மேல் பஸ் போகிறது, நாயைப் பிடித்துக்கொண்டு கிழவர்கள் போகிறார்கள், யாரையும் யாரும் நிறுத்துவதில்லை. ஆனால் வெளிநாட்டில் படித்த நர்ஸுக்கு அனுமதி கொடுப்பது இங்கே அந்தந்த மாநிலத்தின் வேலை. ஒருமுறை கிடைத்துவிட்டால் நாடு முழுக்கச் செல்லும். கிடைக்கும்வரை, நாம் எங்கே விண்ணப்பித்தோமோ அந்த மாநிலத்தின் விதி. இக்கரையில் நான் கல்லூரியில் படித்த ஒவ்வொரு பாடத்துக்கும் எத்தனை மணிநேரம் என்று கணக்குக் கேட்டார்கள். அக்கரையில், அதையெல்லாம் விடு, நேரே தேர்வுக்கு வா என்கிறார்கள். ஆனால் அதற்கு முன் நர்ஸ்களுக்கென்று தனியாக ஒரு மொழித் தேர்வு எழுத வேண்டும். இக்கரையில் அதை என்னிடம் கேட்கவில்லை.

அனுமதி வரும்வரை நான் உதவியாளர். முதியோர் இல்லத்தில் காலையில் ஒவ்வொருவராகக் கழுவி, துடைத்து, துணி மாற்றி, தலை வாரி உட்கார வைக்கிற வேலை. ஊசியைத் தொடக் கூடாது. மாத்திரையைத் தொடக் கூடாது. எதையெல்லாம் தொடக் கூடாது என்று பட்டியல் போட்டுச் சொல்வது எங்களுக்குப் புதிதில்லை என்பதால் சீக்கிரம் பழகிவிட்டேன்.

என் பொறுப்பில் இருக்கும் திருமதி லாங் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தவர். மறதி நோய். உடம்பு துடைத்துவிட்டு நிமிரும்போது தினமும் கேட்பார்:

"நீ நிஜமான நர்ஸா?"

"ஆமாம்."

"உன் அட்டையில் உதவியாளர் என்று போட்டிருக்கிறதே?"

"இந்த மாநிலத்தில் இன்னும் இல்லை."

"அப்படியென்றால் இல்லை என்று சொல்."

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். மறுநாள் காலை அதே கேள்வி, அதே பதில். அவருக்கு மறந்துவிடுகிறது. எனக்கு மறப்பதில்லை.

3

பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்த சமயம். அரசு நர்சிங் கல்லூரிக்கு விண்ணப்பிக்கச் சாதிச் சான்றிதழ் வேண்டும். எனக்கு வேண்டுமென்றால் முதலில் நைனாவுக்கு வேண்டும். நைனாவிடம் எந்தத் தாளும் கிடையாது. பள்ளிக்கூடம் போனவர்களுக்குப் பள்ளிக்கூடமே சாதியை எழுதிக் கொடுத்துவிடும். போகாதவருடைய சாதியை யாராவது வாயால் சொல்ல வேண்டும். பிறந்த கிராமத்துக்குப் போய், தெரிந்த பெரிய மனிதர் ஒருவரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கி வா என்றார் அந்தப் பக்கத்து அலுவலக அதிகாரி. அந்த ஊரில் பெரிய மனிதர் ஒருவர்தான். எங்கள் தாத்தா வேலை செய்த பண்ணையின் சொந்தக்காரர். பெத்தையா என்று கூப்பிடுவார்கள்.

ஆரம்பாக்கத்தில் ரயில் ஏறி அடுத்த ஸ்டேஷனில் இறங்கி ஷேர் ஆட்டோவில் போனோம். நைனா இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார். நான் பள்ளிச் சீருடையில் இருந்தேன். அதைவிட நல்ல உடை என்னிடம் இல்லை.

பெத்தையா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"எவுருரா அது?"

"நான்தாங்கையா. சுப்பன் மவன் முனிசாமி."

"ஓ, கம்பெனிக்காரரு! சட்ட ஜோரா கீது. ஏன்டா, இந்தச் சட்டய போட்டுக்கினு வந்து சுப்பன் மவன்னு சொன்னா நா எப்டி நம்பறது?"

"ஐயாவுக்குத் தெரியாதுங்களா."

"தெரியுது. ஆனா நாளைக்கு நாலு பேரு கேட்டா? சாட்சின்னா சும்மாவா? பின்னாடி கொட்டாய்ல ரெண்டு நாளா சாணி அள்ள ஆளு வர்ல. நீ சுப்பன் மவன்னா கை தானா போவும், போ."

நைனா சட்டையைக் கழற்றி மடித்து என் கையில் கொடுத்தார். கொட்டகையில் மண்வெட்டி இருக்கிறதா என்று தேடினார். "சுப்பன் கையாலதான்டா அள்ளுவான்" என்று வாசலிலிருந்து குரல் வந்தது. கம்பி ஆலையில் சூடுபட்ட தழும்பு ஏறிய கைகள். அவற்றால் அள்ளி அள்ளிக் கூடையில் போட்டு எருக்குழிக்குச் சுமந்தார். நான் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது கசங்கிவிடக் கூடாது என்பதில் மட்டும் கவனமாக இருந்தேன்.

எல்லாம் முடிந்து அவர் கை கழுவியதும் பெத்தையா கையெழுத்துப் போட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பொண்ணு இன்னா படிக்கப் போவுது?"

"நர்ஸுங்கையா" என்றார் நைனா.

"நர்ஸா! ஊசின்னா தொட்டுத்தானடா போடணும்?" அவர் சிரிக்கத் தொடங்கி இருமலில் முடித்தார். "பாத்துக்கலாம், பாத்துக்கலாம்."

திரும்பி வரும்போது ரயிலில் நைனா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்: "மாடுங்களுக்கு நல்லா தீனி போட்றாங்கமா. சாணிய பாத்தாலே தெரியுது."

4

அந்தக் கையெழுத்தைக் காட்டி அந்தப் பக்கத்தில் வாங்கிய நைனாவின் சான்றிதழை வைத்து எனக்கு இந்தப் பக்கம் ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அதில் கீழே ஒரு வரி இருந்தது. இவர் குடிபெயர்ந்தவரின் மகள். இவருக்குரிய சலுகைகள் தந்தையின் மாநிலத்தில் மட்டுமே, இந்த மாநிலத்தில் இல்லை.

அலுவலகத்திலிருந்த எழுத்தரிடம் கேட்டேன்.

"சார், எங்க சாதி ரெண்டு மாநிலத்துப் பட்டியல்லயும் கீது சார்."

"இருக்கட்டும்மா. குடியரசு ஆன காலத்துல உங்க குடும்பம் எந்தப் பக்கம் குடியிருந்துச்சோ அந்தப் பக்கந்தான் அது செல்லும். இங்க நீ ஓப்பன் கேட்டகரி. முன்னேறின ஆளுங்களோட லைன்ல நிக்கப் போற. சந்தோஷப்படு."

அவர் கேலியாகச் சொன்னாலும் சட்டத்தைச் சரியாகத்தான் சொன்னார். அதைப் பிறகு நானே படித்துத் தெரிந்துகொண்டேன். அந்தக் காலத்தில் இந்த எல்லையே கிடையாது, இரண்டு பக்கமும் ஒரே மாகாணம் என்பதையும் படித்தேன். அதை எடுத்துச் சொல்ல அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது.

சரி, அந்தப் பக்கமே போவோம் என்று ஆந்திராவில் விசாரித்தோம். சாதி சரி என்றார்கள். ஆனால் இங்கே தொடர்ந்து சில வருடங்கள் படித்தவர்கள்தான் உள்ளூர் மாணவர்கள். உங்கள் பெண் முழுக்கத் தமிழ்நாட்டில் படித்திருக்கிறாள், வெளியூர்க்காரர்களுக்கான கொஞ்ச இடத்துக்கு வரிசையில் நிற்கலாம் என்றார்கள். நின்றேன். கிடைக்கவில்லை. தமிழ்நாட்டில் பொதுப் போட்டியில் நின்றேன். அங்கும் கிடைக்கவில்லை. எங்கள் பட்டியலில் வைத்திருந்தால் என் மதிப்பெண்ணுக்கு இடம் உண்டு. என்னைவிடக் குறைவாக வாங்கிய என் வகுப்புத் தோழி அதே பட்டியலில் சேர்ந்தாள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. அவளுடைய அப்பா ஒரு ஸ்டேஷன் இந்தப் பக்கம் பிறந்தவர், அவ்வளவுதான்.

ஆனால் நாங்கள் குடியிருந்த தெருவில் யாரும் எங்களிடம் குடியரசு காலத்துத் தாள் கேட்டதில்லை. வயல்காரர் வீட்டில் தண்ணீர் கேட்டால், எந்த மாநிலத்துச் சான்றிதழ் என்று கேட்காமலே தூக்கித்தான் ஊற்றினார்கள். அவமானத்துக்கு ஆல் இந்தியா பர்மிட். சலுகைக்குத்தான் சோதனைச் சாவடி.

வங்கிக் கடன் போட்டுத் தனியார் கல்லூரியில் படித்தேன். தமிழ்நாட்டு நர்சிங் பதிவும் கிடைத்தது.

5

நம் ஊரில் எந்த விண்ணப்பமாக இருந்தாலும் மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் மூன்றும் ஒன்றாகத்தான் போகும். ஹாஸ்டலுக்கு, பஸ் பாஸுக்கு, வங்கிக்கு, எல்லாவற்றுக்கும். கேட்காவிட்டாலும் வைப்போம். வைக்காமல் போனால் நாளைக்கு வா என்பார்கள். நாளைக்குப் போனால் நைனாவுக்கு ஒரு ஷிப்ட் சம்பளம் போகும். அப்படிப் பழகிய கை என்னுடையது.

ஜெர்மனியில் 'உங்கள் சான்றிதழ்கள் அனைத்தும், மொழிபெயர்ப்புடன்' என்று கேட்டிருந்தார்கள். அனைத்தையும் வைத்தேன். அதையும் வைத்தேன்.

பல மாதங்கள் கழித்து அதிகாரி கூப்பிட்டார். மரியாதையான பெண். எனக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். பிறகு அந்தத் தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். சலுகைகள் என்ற சொல்லை மொழிபெயர்ப்பாளர் உரிமைகள் என்று எழுதியிருந்தார்.

"நீங்கள் படித்ததும் பதிவு செய்ததும் தமிழ்நாட்டில். ஆனால் உங்களுக்கு அந்த மாநிலத்தில் உரிமை இல்லை என்று இந்தச் சான்றிதழ் சொல்கிறதே?"

விளக்கினேன். எனக்குத் தெரிந்த ஜெர்மன் வாக்கியங்கள் எல்லாம் தீரும்வரை விளக்கினேன். சாதி என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முகம் இரக்கமாக மாறியது. அந்த இரக்கம் எனக்குப் பிடிக்கவில்லை.

"புரிகிறது. மிகவும் வருத்தமான விஷயம். இந்த விளக்கத்தைச் சான்றிதழ் கொடுத்த அலுவலகத்திலிருந்து எழுத்தில் வாங்கிக் கொடுங்கள்."

"அந்தத் தாளை எடுத்துவிடலாமா? நீங்கள் கேட்காத தாள் அது."

"கோப்பில் சேர்ந்ததை எடுக்க முடியாது."

வெளியே வந்து ஜின்சிக்குப் போன் செய்தேன். ஜின்சி கோட்டயத்துக்காரி, அக்கரையில் இன்னொரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறாள்.

"எடீ, ஜாதி பேப்பர் ஆரு கேட்டு உன்கிட்ட?"

"யாரும் கேக்கல."

"பின்ன நீ ஏன் வெச்ச?"

"எப்பவும் வெப்போம்ல."

"நான் ஞானஸ்நான சர்ட்டிபிகேட் வெக்கலியே" என்றாள். சிரித்தோம். சிரித்து முடித்ததும் அழுகை வந்தது. நான் போனை வைத்துவிட்டேன்.

6

தாலுகா அலுவலகத்தில் விளக்கக் கடிதம் கேட்க அம்மாவை அனுப்பினேன். உங்கள் வீட்டுக்காரருடைய பழைய சான்றிதழ் கையால் எழுதியது, அந்தப் பக்கம் போய்ச் சரிபார்த்துக் கொண்டுவந்தால்தான் நாங்கள் கடிதம் எழுத முடியும் என்றார்களாம். அந்தப் பக்கம் போனால் மறுபடி சாட்சி கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். நைனாவை அனுப்ப வேண்டாம், வேறு வழி பார்க்கிறேன் என்று அம்மாவிடம் கண்டிப்பாகச் சொன்னேன்.

அடுத்த வாரம் நைனா வீடியோவில் வந்தார். குளித்துத் தலை துவட்டாமல் உட்கார்ந்திருந்தார்.

"இன்னாமா, நாஷ்டா துன்னியா?"

"துன்னேன். இந்நேரத்துல இன்னா குளியல்?"

"கையெழுத்து வாங்கியாந்துட்டேன்."

நான் கேட்பதற்குள் அவரே சொன்னார்.

"பெத்தையா படுத்த படுக்கைமா. வாயி, கையி, காலு எல்லாம் போச்சு. அவரு புள்ளதான் இப்ப எல்லாம். நல்ல மாதிரிதான் பேசுனாரு. உக்கார பிளாஸ்டிக் சேரு போட்டாரு."

"அப்புறம்?"

"உம் பொண்ணு ஜெர்மன்ல நர்ஸாமேன்னாரு. ஆமாங்கன்னேன். எங்க நைனாவ கழுவி உட்ற ஆளு இன்னிக்கு வர்ல முனிசாமி, ஊட்ல பொம்பளைங்க முடியாதுன்றாங்க, நீயே கொஞ்சம் பாத்துட்டின்னா கையெழுத்துப் போட்டு அனுப்பிச்சிட்றேன்னாரு."

"நீ செஞ்சியா?"

"செஞ்சேன்."

"நைனா!"

"இன்னாத்துக்குமா கத்தற? நீ அங்க தெனம் செய்றதுதான இது?"

அன்று காலையும் செய்துவிட்டுத்தான் வந்திருந்தேன். கையுறை, வெந்நீர், ஏப்ரன், மாதச் சம்பளம் எல்லாம் இருந்தும் செய்து முடித்ததும் கைகளை முகர்ந்து பார்க்கிறவள் நான்.

"அவரு ஒண்ணும் சொல்லலியா? தொடாதன்னு?"

"பேச்சு போச்சுன்னேனே. கண்ண இறுக்க மூடிக்கினாரு. நா முடிச்சி எழுந்துக்கற வரைக்கும் தொறக்கவே இல்ல." நைனா துண்டால் காதைத் துடைத்தார். "மெலிஞ்சிட்டாருமா. தூக்குனா வெய்ட்டே இல்ல."

அதில் அவருக்கு ஒரு சின்னத் திருப்தி இருந்ததா என்று இன்றுவரை யோசிக்கிறேன். இருந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

7

சரிபார்ப்பு முடிந்து தாலுகா அலுவலகக் கடிதம் வந்தது. நைனா கவரைப் பிரிக்காமல், முத்திரை உடையாமல் இருக்கட்டும் என்று வைத்திருந்தார். பிரித்துப் படம் அனுப்பச் சொன்னேன்.

நான்கு வரிகள். விசாரித்ததில் இவர் குடிபெயர்ந்தவரின் மகள் என்பது உறுதியாகிறது. இவருக்குரிய சலுகைகள் தந்தையின் மாநிலத்தில் மட்டுமே, இந்த மாநிலத்தில் இல்லை. கீழே புதிய முத்திரை. நர்சிங் பதிவைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதை எழுதும் வேலை அவர்களுடையதில்லை என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள். அதுவும் சரிதான். இந்தக் கதையில் வருகிற அலுவலகங்கள் எல்லாமே சரியாகத்தான் நடந்துகொண்டன. இதை மொழிபெயர்த்து இங்கே கொடுத்தால், எனக்கு உரிமை இல்லை என்பதை நானே இரண்டாவது முறை நிரூபித்ததாக ஆகும்.

நைனா போனில் காத்திருந்தார்.

"இன்னாமா, சரியா கீதா?"

பொய் சொல்லியிருக்கலாம். எங்கள் வீட்டில் தாளைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி. அதில் எழுதியிருப்பதை மாற்றிச் சொல்ல ஆரம்பித்தால், நான் படித்ததற்கு வேறு என்ன பொருள்?

"அதே வரிதான் நைனா. வேலைக்கு ஆவாது."

"அப்ப நா போனது?"

"வீண்."

திரையில் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத இன்னா பண்றது?"

"அடுப்புல போடு."

"காஸ் அடுப்புமா நம்மூட்ல" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார், யாராவது சேர்ந்து சிரிப்பார்களா என்று பார்ப்பதுபோல. நான் சிரிக்கவில்லை. போன் அணைந்தது.

அதே வாரம் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுவதாக ஒரு வரி எழுதி அந்த அதிகாரியிடம் கொடுத்தேன். காத்திருந்த மாதங்கள் எல்லாம் அத்தோடு போயின. மிகவும் வருந்துகிறேன் என்றார். முத்திரையைத் தயங்காமல் குத்தினார். இந்த இல்லத்தில் ராஜினாமா கொடுத்தேன். ஜின்சி வேலை செய்யும் இல்லத்தில், அக்கரையில், மறுபடியும் உதவியாளராகச் சேர ஒப்பந்தம் போட்டேன். விசாவை அந்த வேலைக்கு மாற்ற மனு கொடுத்தேன். நர்ஸ்களுக்கான மொழித் தேர்வை எழுதித் தேறினேன்.

நேற்று பாலத்தைக் கடந்து அக்கரை மாநிலத்தின் அலுவலகத்தில் புதிய கோப்பைக் கொடுத்தேன். முன்பு வேறு மாநிலத்தில் விண்ணப்பித்ததுண்டா என்ற இடத்தில் ஆம், திரும்பப் பெற்றேன் என்று உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பட்டம், மதிப்பெண், நர்சிங் பதிவு, மொழித் தேர்வு.

"வேறு சான்றிதழ் ஏதாவது சேர்க்க வேண்டுமா?"

"இல்லை" என்றேன்.

அவர் கோப்பை மூடி உள்ளே எடுத்துப் போனார். அனுமதித் தேர்வுக்கு என் பெயரைப் பதிந்துவிட்டு வந்தேன்.